எல்லாவற்றுக்கும் 72,000 போடலாமா?

கேள்வி கேட்ட தம்பி எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன். அப்பா மாநில அரசு அலுவலகம் ஒன்றில் உதவியாளர். பிடித்தம் போக மாதம் 52,000 ரூபாய் கைக்கு வருகிறது. அம்மா வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கிறார். ஊரில் அப்பா பெயரில் இரண்டு ஏக்கர் நஞ்சை. குடும்பம் பிற்படுத்தப்பட்ட வகுப்பு, அதாவது பி.சி. வகுப்பு. பட்டம் முடித்த தம்பிக்கு வங்கித் தேர்வுக்காக, பிற்படுத்தப்பட்டோருக்கான மத்திய அரசு இடஒதுக்கீட்டில் கேட்கும் ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும். தங்கைக்குக் கல்லூரி உதவித்தொகை வாங்க வருமானச் சான்றிதழ் வேண்டும். அம்மாவுக்கு மகளிர் உரிமைத் தொகை கிடைக்குமா என்றும் பார்க்கிறார்கள். இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருந்தவர், "எல்லாத்துக்கும் வருஷ வருமானம் 72,000 போட்டுடலாம், யாரும் கேக்க மாட்டாங்க" என்று சொல்லியிருக்கிறார். போடலாமா, போடாவிட்டால் எதைப் போடுவது என்பதுதான் கேள்வி.

போடாதீர்கள். பயப்படவும் வேண்டாம். கேட்ட மூன்றில் உங்களுக்கு மிக முக்கியமான ஒன்று, உள்ளதை உள்ளபடி எழுதினாலே கிடைக்கும். மற்ற இரண்டும் உங்கள் குடும்பத்துக்கு இல்லை. அது ஏன் என்றுதான் கொஞ்சம் நீளமாகச் சொல்லப் போகிறேன். இருபது வருடத்துக்கு மேல் வருவாய்த் துறையில் இருந்து, இந்த விண்ணப்பங்களைக் கட்டுக் கட்டாகப் பார்த்தவன் என்பதால் சொல்ல எனக்கு விஷயம் இருக்கிறது.

முதலில் அந்த 72,000. அது யாரோ கனவில் கண்ட எண் இல்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேர ஆண்டு வருமான வரம்பு நெடுநாள் 72,000 ரூபாயாக இருந்தது. மாதம் ஆறாயிரம் என்று கணக்கு. காப்பீட்டு அட்டை வாங்க வந்தவர்களுக்கெல்லாம் அந்த எண்ணைப் போட்டுப் போட்டு, தட்டச்சு செய்கிற விரலுக்கு அது பழகிவிட்டது. பிறகு அந்த வரம்பே 1,20,000 ஆகிவிட்டது, விரல் மட்டும் மாறவில்லை. நான் பணியில் இருந்தபோது ஒரே நாளில் ஒரே தெருவிலிருந்து கொத்தனார், அரிசி மண்டிக்காரர், ஓய்வு பெற்ற நடத்துநர் என்று மூவரின் மனு வரும். மூன்றிலும் 72,000. தெருவே ஒரே உண்டியலில் இருந்து செலவு செய்கிறதோ என்று தோன்றும்.

சிக்கலின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. 'ஆண்டு வருமானம்' என்றால் அது ஒரே எண் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. ஒவ்வொரு திட்டமும் அந்த இரண்டு சொல்லுக்குள் வேறு வேறு கேள்வியை வைத்திருக்கிறது. யாருடைய வருமானம், எந்தெந்த வருமானம், எந்த வருடத்து வருமானம் என்று ஒவ்வொன்றும் திட்டத்துக்குத் திட்டம் மாறும். ஒரே குடும்பம், ஒரே மாதத்தில், மூன்று விண்ணப்பத்தில் மூன்று வெவ்வேறு எண்களை எழுதி, மூன்றும் உண்மையாக இருக்கலாம். உங்கள் குடும்பமே அதற்கு நல்ல உதாரணம்.

அப்பாவின் சம்பளத்திலிருந்து தொடங்குவோம். 52,000 என்று எழுதியிருக்கிறீர்கள். அது கைக்கு வருவது. அவருடைய சம்பள ஸ்லிப்பைப் பாருங்கள். இப்போது களஞ்சியம் செயலியிலேயே எடுத்துவிடலாம். அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி, மருத்துவப்படி என்று மேலே ஒரு கூட்டுத்தொகை இருக்கும். அதற்குக் கீழே வைப்பு நிதி, காப்பீடு, கூட்டுறவு சொசைட்டிக் கடன், பண்டிகை முன்பணம் என்று ஒவ்வொன்றாகப் பிடித்திருப்பார்கள். வருமானம் என்று எங்கே கேட்டாலும் அது மேலே இருக்கும் கூட்டுத்தொகைதான். சொசைட்டிக் கடன் கட்டுவது நம் செலவு. மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்கு மாதம் பத்தாயிரம் போகிறது என்பதற்காக வருமானம் பத்தாயிரம் குறைந்துவிடாது. கைக்கு 52,000 வருகிறவருக்கு மொத்தச் சம்பளம் 71,000 என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு மாதத்துக்கு 8,52,000. பொங்கல் போனஸும் இதோடு சேரும். பண்டிகை முன்பணம் சேராது, அது திருப்பிக் கட்டுகிற கடன்.

வேடிக்கையைப் பாருங்கள். அப்பாவின் ஒரு மாதச் சம்பளமே கிட்டத்தட்ட 72,000. அதைத்தான் வருடத்துக்கு என்று எழுதச் சொல்லியிருக்கிறார் அந்த மையக்காரர்.

இன்னொரு மயக்கம். "அப்பா வருமான வரியே கட்டுவதில்லை சார், அப்புறம் என்ன வருமானம்?" என்று பலர் கேட்பார்கள். 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரிக்குரிய வருமானம் உள்ளவருக்குத் தள்ளுபடி போக வரி பூஜ்யம். சம்பளக்காரருக்கு நிலையான கழிவு 75,000 வேறு. ஆகவே 8,52,000 வாங்குகிற உங்கள் அப்பாவுக்கு அந்த ஆண்டு வரி இல்லாமல் போயிருக்கலாம். அதனால் வருமானம் இல்லை என்று ஆகாது. உதவித்தொகைப் படிவம் கேட்பது வரியை அல்ல. வரிக் கணக்குக்காக அலுவலகம் கொடுக்கும் படிவம் 16-ல் மொத்தச் சம்பளம் என்று முதலில் வருகிற எண்ணைத்தான் பார்க்க வேண்டும், கழிவெல்லாம் போய்க் கடைசியில் வருவதை அல்ல.

சரி, ஓ.பி.சி. சான்றிதழுக்கு வருவோம். வரம்பு 8 லட்சம், அப்பா சம்பளம் 8,52,000, போச்சு என்றுதான் பலர் வீட்டிலேயே முடிவு கட்டிவிடுகிறார்கள். அல்லது பயந்து 72,000 போடுகிறார்கள். இரண்டுமே தேவையில்லை.

பிற்படுத்தப்பட்டோருக்கான மத்திய அரசு இடஒதுக்கீடு பற்றிய மண்டல் வழக்கில் 1992 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, பிற்படுத்தப்பட்டோரில் முன்னேறிய பகுதியை, அதாவது கிரீமிலேயரை, விலக்கச் சொன்னது. அதைச் செயல்படுத்த மத்திய அரசின் பணியாளர் துறை 1993 செப்டம்பர் 8-ல் ஓர் ஆணை போட்டது. இன்றுவரை அடிப்படை அதுதான். வருமான வரம்பு மட்டும் 1993-ல் 1 லட்சம், 2004-ல் 2.5 லட்சம், 2008-ல் 4.5 லட்சம், 2013-ல் 6 லட்சம், 2017-ல் 8 லட்சம் என்று ஏறியது. அதற்குப் பிறகு அது நகராததும், விலைவாசி மட்டும் நகர்ந்ததும் தனிப் புலம்பல்.

அந்த ஆணையில் அரசு ஊழியரின் பிள்ளைகளுக்கு வருமானத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பதவியைப் பார்க்கிறார்கள். தாய் தந்தையரில் ஒருவர் நேரடி நியமனத்தில் 'ஏ' பிரிவு அதிகாரி, அல்லது இருவருமே நேரடி நியமனத்தில் 'பி' பிரிவு அதிகாரிகள் என்றால் பிள்ளை கிரீமிலேயர். தந்தை 'பி' பிரிவில் நேரடியாகச் சேர்ந்து நாற்பது வயதுக்குள் 'ஏ' ஆகிவிட்டாலும் அப்படித்தான். உங்கள் அப்பா உதவியாளர், 'சி' பிரிவு. அந்தச் சல்லடையில் அவர் சிக்கவே மாட்டார். அடுத்து வருமானச் சோதனை. அதில்தான் பலரும் படிக்காமல் விடுகிற வரி இருக்கிறது. சம்பளத்தில் வரும் வருமானமும் விவசாய நிலத்தில் வரும் வருமானமும் கணக்கில் சேர்க்கப்படாது. மீதி இருக்கிற மற்ற வருமானங்கள், அதாவது தொழில், கடை, வாடகை, வட்டி போன்றவை, தொடர்ந்து மூன்று ஆண்டுகள் 8 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால்தான் கிரீமிலேயர். 2004 அக்டோபர் 14-ல் வந்த விளக்கக் கடிதமும் இதைத் தெளிவாகச் சொல்கிறது. பார்ப்பதும் பெற்றோரின் வருமானத்தை மட்டுமே. நீங்கள் ஏதாவது வேலை பார்த்துச் சம்பாதித்தால் அது இதில் வராது.

நிலத்துக்கு விஸ்தீரணச் சோதனை தனியாக உண்டு. பாசன நிலம், மாநில நில உச்சவரம்பில் 85 சதவீதத்தை எட்டினால் கிரீமிலேயர். தமிழ்நாட்டில் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு உச்சவரம்பு 15 தர ஏக்கர், அதாவது நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர். உங்களுடைய இரண்டு ஏக்கர் அதன் பக்கத்திலேயே வராது.

ஆக, அப்பாவின் 8,52,000 ஒதுங்கிவிட்டது. நெல் ஒதுங்கிவிட்டது. இந்த விண்ணப்பத்தில் நிஜமாகக் கணக்கில் வருவது உங்கள் அம்மாவின் தையல் வருமானம் ஒன்றுதான். வீட்டில் யாரும் வருமானம் என்றே மதிக்காத அதைத்தான் இங்கே ஒழுங்காக எழுத வேண்டியிருக்கிறது.

அதை எப்படிக் கணக்கிடுவது? அம்மாவிடம் நோட்டு இருக்கும். யாருடைய பிளவுஸ், அளவு எவ்வளவு, முன்பணம் எவ்வளவு என்று எழுதி வைத்த, ஓரத்தில் துணித் துண்டு பின்குத்திய நோட்டு. அதுதான் உங்கள் கணக்குப் புத்தகம். சாதாரண மாதத்தில் நாற்பது பிளவுஸ், ஒன்றுக்கு 150 என்றால் 6,000. சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பது, ஓரம் தைப்பது என்று ஓர் ஆயிரம். நூல், கொக்கி, லைனிங் துணி, மெஷினுக்கு எண்ணெய், பெல்ட் என்று ஆயிரம் கழித்தால் 6,000 நிற்கும். இதையே பன்னிரண்டால் பெருக்கினால்தான் அந்தப் பழைய 72,000 வருகிறது, அது தற்செயல். ஆனால் தையல் வருடம் முழுக்க ஒரே மாதிரி ஓடாது. ஆடியில் கல்யாணம் இல்லை, மார்கழியில் இல்லை, மெஷின் தூங்கும். வைகாசி, ஆவணி முகூர்த்தங்களிலும் தீபாவளி, பொங்கல் நேரத்திலும் இரவு பன்னிரண்டு மணி வரை மிதிக்க வேண்டியிருக்கும். மந்தமும் சுமாருமாக எட்டு மாதம் சராசரி 6,000 என்றால் 48,000. நெருக்கடியான நான்கு மாதம் செலவு போக 11,000 என்றால் 44,000. மொத்தம் 92,000. இதை எழுதுங்கள். 92,000-க்கும் 72,000-க்கும் வரம்பைப் பொறுத்தவரை ஒரு வித்தியாசமும் இல்லை. ஆனால் வி.ஏ.ஓ. வந்து "அம்மா எவ்வளவு சம்பாதிக்கிறாங்க?" என்று கேட்டால், 92,000 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று நோட்டைக் காட்டி விளக்கலாம்.

கடை வைத்திருப்பவர்களுக்கும் இதே வழிதான். விற்பனை வேறு, வருமானம் வேறு. டீக்கடையில் நாளைக்கு 4,000 ரூபாய் கல்லாவில் விழலாம். பால், சர்க்கரை, தூள், கேஸ், வடைக்கு எண்ணெய், மாஸ்டர் கூலி, வாடகை எல்லாம் போய் 700 நின்றால் அந்த 700-தான் வருமானம். கல்லாவைப் பார்த்து வருடத்துக்கு 14 லட்சம் என்று எழுதிவிட்டு உதவியெல்லாம் இழந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். வெள்ளந்தியாக மாட்டிக்கொள்கிறவர்கள் அவர்கள். இன்னொரு பக்கம், வீட்டுக் கடன் வேண்டும் என்று ஆடிட்டரிடம் சொல்லி 6 லட்சம் வருமானம் காட்டி ரிட்டர்ன் தாக்கல் செய்வார்கள். அதே வருடம் பையனுக்கு உதவித்தொகைக்கு 90,000 என்று எழுதித் தருவார்கள். வங்கிக்கு ஒரு வருமானம், கல்லூரிக்கு ஒரு வருமானம். பான் எண்ணும் ஆதாரும் கட்டிப்போட்ட இந்தக் காலத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாருக்கும் வெகுநேரம் ஆகாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. அப்பா அரசு ஊழியராக இல்லாமல் பொதுத்துறை நிறுவனத்திலோ வங்கியிலோ தனியாரிலோ இருந்தால் நான் மேலே சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அரசுப் பதவிக்குச் சமமான பதவி எது என்று வகுக்கப்பட்ட இடங்களில் பதவியைப் பார்க்கிறார்கள். வகுக்கப்படாத இடங்களில் சம்பளத்தைத் தனியாகவும் மற்ற வருமானத்தைத் தனியாகவும் எடுத்து, ஏதாவது ஒன்று வரம்பைத் தாண்டுகிறதா என்று பார்க்கச் சொல்கிறது 2004 விளக்கம். இதை எதிர்த்து நீதிமன்றங்களில் வழக்குகள் நடந்திருக்கின்றன. அந்த வீடுகளில் விண்ணப்பிக்கும் முன் விவரம் தெரிந்தவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

உங்கள் நண்பர் யாராவது இடஒதுக்கீட்டுப் பட்டியல் எதிலும் வராத வகுப்பாக இருந்து, 'எனக்கும் 8 லட்சம்தானே வரம்பு' என்று சொன்னால் நிறுத்துங்கள். அவர் கேட்பது பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான 10 சதவீத இடஒதுக்கீடு, 2019-ல் 103-வது அரசியல் சட்டத் திருத்தத்தில் வந்தது. அங்கேயும் 8 லட்சம்தான், ஆனால் கேள்வியே வேறு. சம்பளம், விவசாயம், கடை, தொழில் எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். பெற்றோரோடு விண்ணப்பதாரர், அவருடைய கணவன் அல்லது மனைவி, பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள உடன்பிறப்புகள், பிள்ளைகள் எல்லோரும் குடும்பம். மூன்று வருடம் எல்லாம் இல்லை, விண்ணப்பிக்கும் ஆண்டுக்கு முந்தைய நிதியாண்டு ஒன்றுதான். 2025 ஜூனில் விண்ணப்பித்தால் 2024 ஏப்ரல் 1 முதல் 2025 மார்ச் 31 வரை. அதோடு ஐந்து ஏக்கர் விவசாய நிலமோ, ஆயிரம் சதுர அடி ஃபிளாட்டோ இருந்தால் வருமானம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் கிடையாது. உங்கள் அப்பாவுக்கு அடுத்த நாற்காலியில், அதே பதவியில், அதே 8,52,000 வாங்குகிற ஒருவரின் மகன் அந்தச் சான்றிதழுக்குத் தகுதியில்லாமல் போவார். எண் ஒன்று, விடை இரண்டு. இது நியாயமா என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த வாக்குவாதம் உச்ச நீதிமன்றம் வரை போய், 2022 நவம்பரில் ஐந்து நீதிபதிகளில் மூவர் ஒரு பக்கம், இருவர் ஒரு பக்கம் நின்று முடிந்தது.

அடுத்து தங்கை. பி.சி., எம்.பி.சி. (மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு) மாணவர்களுக்கான உதவித்தொகைக்குப் பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இங்கே சம்பளத்தை ஒதுக்குகிற சலுகை எதுவும் கிடையாது. அப்பாவின் 8,52,000, அம்மாவின் 92,000, வயலில் செலவு போக நிற்பது எல்லாம் ஒன்றாகக் கூடும். விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பதால் அதைக் காட்டத் தேவையில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. வரி இல்லாவிட்டாலும் வருமானம் வருமானம்தான். நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தால் குத்தகையாக வரும் நெல்லின் விலையைச் சேருங்கள். ஆக 2.5 லட்சத்தை மூன்று மடங்குக்கு மேல் தாண்டிவிட்டது. வருமானச் சான்றிதழ் வாங்கியும் பயனில்லை. முதல் பட்டதாரி சலுகைக்கு வருமான வரம்பே கிடையாது, அது கிடைக்குமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வீட்டில் ஏற்கனவே நீங்கள் பட்டதாரி. அந்த வண்டியும் போய்விட்டது. கல்விக் கடன் எடுத்தால், படிக்கும் காலத்து வட்டியை அரசே ஏற்கும் மத்திய மானியத்துக்கு வரம்பு 4.5 லட்சம். அதுவும் உங்களுக்கு எட்டாது. கடன் கிடைக்கும், மானியம் கிடைக்காது, அவ்வளவுதான்.

அம்மாவின் விஷயம் இன்னும் எளிது. மகளிர் உரிமைத் தொகையில் வருமான வரம்பு 2.5 லட்சம் என்பது எல்லோருக்கும் தெரியும். அது பல வேலிகளில் ஒன்று மட்டுமே என்பது பலருக்குத் தெரிவதில்லை. 2023 செப்டம்பர் 15-ல் காஞ்சிபுரத்தில் தொடங்கியபோது வகுத்த விதிகளில் நிலம், நான்கு சக்கர வாகனம், ஆண்டுக்கு 3,600 யூனிட் மின்சாரம், 50 லட்சத்துக்கு மேல் விற்பனை என்று வரிசையாக உண்டு. குடும்பத்தில் நிரந்தர அரசு ஊழியர் இருந்தால் அத்தோடு சரி. வருமானத்தை எவ்வளவு குறைத்து எழுதினாலும், கருவூலத்தில் அப்பாவின் சம்பளப் பட்டியல் இருக்கிறது. அரசிடமே இருக்கிற தகவலை அரசிடம் மறைக்கப் பார்ப்பதில் என்ன பிரயோஜனம்?

மையத்தில் இருந்தவர் 'யாரும் கேட்க மாட்டார்கள்' என்றது பாதி உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். வி.ஏ.ஓ.வுக்கு ஒரு கிராமம் இல்லை, பொறுப்பில் இன்னொன்றும் இருக்கும். கல்லூரி திறக்கும் ஜூன், ஜூலையில் நாளைக்கு நூறு மனு. போனில் கேட்டு, பக்கத்து வீட்டில் விசாரித்து, அனுப்பிவிடுவார். வருவாய் ஆய்வாளரான ஆர்.ஐ. பார்ப்பார், தாலுகா ஆபீஸில் டிஜிட்டல் கையெழுத்து விழும், சான்றிதழ் போனுக்கு வந்துவிடும். அந்த நேரத்தில் யாரும் கேட்கவில்லை என்பது நிஜம். கேட்பது பிறகு. என் பணிக்காலத்தில் ஒரு பையனின் தகப்பனார் அரசு வாகன ஓட்டுநர். பையன் மூன்று வருடம் உதவித்தொகை வாங்கிவிட்டான். நான்காம் வருடம் புதுப்பிக்கும்போது, வேறொரு காரியத்துக்காகக் கொடுத்த அப்பாவின் சம்பளச் சான்று அதே கோப்பில் வந்து உட்கார்ந்துவிட்டது. யாரும் புகார் கொடுக்கவில்லை, யாரும் துப்புத் துலக்கவில்லை. கிளார்க் ஒருவர் பக்கத்தைப் புரட்டினார், அவ்வளவுதான். வாங்கிய பணம் முழுவதையும் திருப்பிக் கட்டிய பிறகே கல்லூரியில் அசல் சான்றிதழ்களைக் கொடுத்தார்கள். அந்த அப்பா என் மேஜைக்கு முன்னால் நின்று, "மையத்துல அவங்கதான் சார் போட்டாங்க" என்றார். விண்ணப்பத்தை எடுத்துக் காட்டினேன். உறுதிமொழிக்குக் கீழே அவர் கையெழுத்து. ஓ.டி.பி. போனதும் அவர் போனுக்கு. தட்டச்சு செய்தவர் பெயர் எங்கேயும் இல்லை.

வேலையில் சேர்பவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். மத்திய அரசுப் பணிகளில் ஓ.பி.சி. இடத்துக்கு வரும் நியமன ஆணையில், சாதிச் சான்றிதழும் கிரீமிலேயர் அல்ல என்ற உரிமையும் சரிபார்ப்புக்கு உட்பட்டவை, பொய் என்று தெரிந்தால் பணிநீக்கம், வழக்கும் தொடரலாம் என்று எழுதியே கொடுப்பார்கள். நீங்கள் தகுதியோடு வாங்க வேண்டிய ஓ.பி.சி. சான்றிதழுக்காகத் தாக்கல் செய்த அதே கோப்பில், ஓரிடத்தில் அப்பா உதவியாளர் என்றும் இன்னோரிடத்தில் குடும்ப வருமானம் 72,000 என்றும் இருந்தால், உண்மையான உரிமையும் சந்தேகத்துக்கு ஆளாகும்.

ஏற்கனவே தங்கைக்கு 72,000 போட்டுச் சான்றிதழ் வாங்கியிருந்தால், அதை எங்கேயும் கொடுக்காதீர்கள். தாசில்தாருக்கு, வருமானம் தவறாகக் குறிப்பிடப்பட்டுவிட்டது, ரத்து செய்யவும் என்று ஒரு மனு எழுதி, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் கொடுத்துவிட்டீர்கள், இன்னும் பணம் வரவில்லை என்றால் அங்கேயும் எழுத்தில் திரும்பப் பெறுங்கள். தானாக வந்து சொல்கிறவரை அலுவலகம் ஒருவிதமாகப் பார்க்கும், பிடிபட்டவரை வேறுவிதமாகப் பார்க்கும். அது நான் கண்ட அனுபவம்.

இப்போது உங்கள் ஓ.பி.சி. விண்ணப்பத்துக்கு மட்டும் நில்லுங்கள். இது மத்திய அரசுக் காரியத்துக்கான சான்றிதழ். மாநிலத்தின் 69 சதவீத இடஒதுக்கீட்டில் பி.சி.க்குக் கிரீமிலேயர் என்ற பேச்சே இல்லை, அங்கே உங்கள் சாதிச் சான்றிதழ் போதும். உங்கள் சாதி மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியலிலும் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். மாநிலப் பட்டியலில் இருப்பதெல்லாம் அங்கேயும் இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். தேர்வு அறிவிப்பில் சான்றிதழ் எந்தத் தேதிக்குள், எந்தப் படிவத்தில் இருக்க வேண்டும் என்று போட்டிருப்பார்கள். பெரும்பாலும் நடப்பு நிதியாண்டில் வாங்கியது கேட்பார்கள், அதனால் மார்ச் கடைசியில் அவசரப்பட்டு வாங்கி ஏப்ரலில் மறுபடியும் அலைய வேண்டாம்.

சாதிச் சான்றிதழ், ஆதார், ரேஷன் கார்டு, பட்டா சிட்டா இவற்றோடு, அப்பாவின் அலுவலகத்தில் அவர் பதவி, பிரிவு, பணியில் சேர்ந்த விதம் மூன்றையும் குறிப்பிட்டு ஒரு சான்று வாங்குங்கள். சம்பள விவரமும் அதிலேயே இருக்கட்டும், மறைக்காதீர்கள். சம்பளம் என்ற இடத்தில் 8,52,000, விவசாயம் என்ற இடத்தில் உள்ளது, தொழில் என்ற இடத்தில் 92,000 என்று தனித்தனியாகப் பதியச் சொல்லுங்கள். மூன்றையும் கூட்டி ஒரே கட்டத்தில் போட மையக்காரர் கை பரபரக்கும், விடாதீர்கள். திரையைத் திருப்பச் சொல்லி, நீங்கள் படித்துப் பார்த்த பிறகு ஓ.டி.பி.யைச் சொல்லுங்கள்.

கவுண்டரில் ஒரு தடங்கல் வரலாம். புதிதாக வந்த கிளார்க் 8,52,000-ஐப் பார்த்ததும் "எட்டு லட்சம் தாண்டிடுச்சே தம்பி" என்று நிராகரிக்கப் பார்ப்பார். வேண்டுமென்று செய்வதில்லை, அவருக்கும் வரம்பு மட்டுமே தெரிந்திருக்கும். சண்டை போடாதீர்கள். 1993 செப்டம்பர் 8 ஆணையையும் 2004 அக்டோபர் 14 விளக்கக் கடிதத்தையும் அச்செடுத்து, சம்பளமும் விவசாய வருமானமும் சேராது என்ற வரிகளை மஞ்சள் பேனாவால் கோடிட்டு, விண்ணப்பத்தோடு சேர்த்தே ஏற்றிவிடுங்கள். அப்படியும் நிராகரித்தால், காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு, தாசில்தாரை நேரில் பாருங்கள். அங்கும் நடக்கவில்லை என்றால் ஆர்.டி.ஓ.வுக்கு, அதாவது வருவாய்க் கோட்டாட்சியருக்கு, மேல்முறையீடு. நான் இருந்த அலுவலகங்களில் இந்த இரண்டு தாள்களோடு வந்தவர்களில் பலருக்கு தாசில்தார் மேஜையிலேயே காரியம் முடிந்திருக்கிறது.